ட்ரிம் கிளிப் கழட்டும்போது பாதிக்கு மேல உடையுது, முழுசா வந்ததைத் திரும்பப் போடலாமா?

மழைப்பயணி (பதிவு 1)

எல்லாருக்கும் வணக்கம். நேத்து இடதுபக்க ஃபாக் லேம்ப் பல்பு மாத்தலாம்னு உக்காந்தேன். என் கார்ல பம்பருக்குப் பின்னாடி கை போக வழியே இல்ல, டயருக்கு மேல உள்பக்கம் இருக்கிற அந்த கறுப்பு பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் மடக்கிப் பிடிச்சாதான் பல்பு ஹோல்டர் எட்டும். இதையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கிற பிளாஸ்டிக் பொத்தான் மாதிரி சாமான்தான் ட்ரிம் கிளிப், லைனர்ல 9, பம்பருக்கு அடியில இருக்கிற ட்ரேல 5, ஆக மொத்தம் 14. அதுல முழுசா வெளிய வந்தது வெறும் 6. நாலுக்கு தலை தனியா பிஞ்சு வந்துடுச்சு, மூணுக்கு கால் ஒடைஞ்சு ஓட்டைக்குள்ளயே நின்னுடுச்சு, ஒண்ணுக்கு நடுவுல இருக்கிற ஊசி உள்ள போய் எங்க விழுந்துச்சுன்னே தெரியல. பல்பு மாத்த ரெண்டு நிமிஷம், கிளிப்போட மல்லுக்கட்ட ஒன்றரை மணி நேரம்.

இப்ப லைனரை ஜிப் டை போட்டு கட்டி வச்சிருக்கேன். கேக்க வேண்டியது மூணு. இந்த கிளிப் எல்லாம் ஒருதடவை கழட்டினா தூக்கிப் போடுற சாமானா, இல்ல திரும்ப போடுறதுக்குன்னே செஞ்சதா? வெளிய பாக்க எல்லாம் கறுப்பு வட்டமா ஒரே மாதிரி இருக்கு, ஆனா சிலது நடுவுல தூக்கினா வருது, சிலது எவ்ளோ நெம்பினாலும் வரல, அது ஏன்? ஜிப் டையோட ரெண்டு நாள் ஓட்டலாமா?

பழையகியர் (பதிவு 2)

தம்பி, மூணாவது கேள்விக்கு முதல்ல பதில். வண்டிய நிறுத்தி வச்சுட்டு ஸ்டியரிங்கை இடது கோடி, வலது கோடி ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி டயருக்கும் லைனருக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு பாரு. வண்டி நிக்கும்போது ரெண்டு விரல் கேப் இருந்தா மட்டும் போதாது, பள்ளத்துல இறங்கும்போது சக்கரம் மேல ஏறி வரும், அந்த இடத்தையும் கணக்குல வை. ரொம்ப முக்கியமானது லைனரோட முன் ஓரம், பம்பரை ஒட்டி இருக்கிறது. அது லூசா இருந்தா ஓடும்போது காத்து உள்ள புகுந்து லைனரை அப்படியே பின்னாடி டயர் மேல தள்ளும், டயர் அதைப் பிடிச்சு இழுத்துச்சுன்னா லைனர் கிழிஞ்சு போறது மட்டும் இல்ல, கூடவே போற வயரையும் இழுத்துடும். ஜிப் டை ரெண்டு நாளைக்குத் தாங்கும், ஆனா வேகமா ஓட்டாத. அடி ட்ரேயும் அப்படித்தான், முன்பக்கம் தொங்கினா காத்தை வாரி வாங்கி மொத்தமா கீழ இறங்கிடும்.

ரெண்டாவது கேள்விலதான் விஷயமே இருக்கு. உனக்கு ஒடைஞ்சது கிளிப் மட்டமானதுங்கிறதால இல்ல, எந்த வகைன்னு பாக்காம எல்லாத்தையும் ஒரே மாதிரி நெம்பினதாலதான். கை வைக்கிறதுக்கு முன்னாடி தலைய நல்லா துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாரு.

வெளி வளையத்துக்கு உள்ள ஒரு சின்ன மூடி மாதிரி இருந்து, அந்த மூடியோட ஓரத்துல ரெண்டு மூணு இடத்துல பள்ளம் வெட்டி இருந்தா அது இழுக்கிற வகை. அந்தப் பள்ளத்துல மெல்லிசான ஃபிளாட் திருப்புளிய விட்டு உள் மூடிய மட்டும் தூக்கணும், ஒரு பக்கமா தூக்காம ரெண்டு மூணு பக்கமும் மாத்தி மாத்தி. உள்ள இருக்கிற ஊசி கொஞ்சம் மேல வந்தவுடனே கீழ விரிஞ்சிருக்கிற கால் சுருங்கும், அப்புறம் மொத்த கிளிப்பும் விரலாலயே வரும். ஊசி மேல வராம வெளி வளையத்தை நெம்பினா கால் விரிஞ்ச நிலையிலயே ஓட்டையோட சண்டை போடும், கடைசில கழுத்து ஒடைஞ்சு தலை தனியா வரும். உன் நாலு தலையும் அப்படித்தான் போயிருக்கும்னு தோணுது.

நடுவுல சின்ன வட்டம், தலையோட சமமா இருக்கு, பிடிக்க ஓரமே இல்லன்னா அது அமுக்குற வகை. மொட்டையான முனை உள்ள ஏதாவது ஒண்ணால நடு ஊசிய 2, 3 எம்எம் உள்ள தள்ளு, டிக்குனு கைக்குத் தெரியும். அதோட நிறுத்திடணும். அதுக்கு மேல அமுக்கினா ஊசி உள்ள விழுந்துடும், உனக்கு நடந்தது இதுதான். டிக்குன்னதுக்கு அப்புறம் வெளி வளையத்தைத் தூக்கினா வந்துடும். திரும்பப் போடும்போது நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க: ஊசி உள்ள போன நிலையிலயே ஓட்டைல சொருகி, பிடிக்கலன்னு தூக்கிப் போட்டுடுறாங்க. சொருகுறதுக்கு முன்னாடி கால் பக்கம் இருந்து ஊசிய மேல தள்ளி, தலைக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கிற மாதிரி வச்சுக்கணும். அப்புறம் கிளிப்பை ஓட்டைல வச்சு, துருத்துற ஊசிய தலையோட சமம் ஆகுற வரைக்கும் அமுக்கினா லாக் ஆயிடும்.

நடுவுல ஸ்டார் திருப்புளி பள்ளம் இருந்தா அது திருகுற வகை. ஸ்க்ரூவைத் திருப்புற பழக்கத்துல நாம அழுத்திக்கிட்டே திருப்புவோம், அழுத்தினா ஊசி மேல வரவே வராது, பிளாஸ்டிக் பள்ளம் தான் வழிச்சுக்கிட்டுப் போகும். அழுத்தாம லேசா திருப்பி, இன்னொரு கையால மெல்லிசான பிளேடோ ட்ரிம் டூலோ (கிளிப் நெம்புற தட்டையான கருவி) வச்சு தலைக்கு அடியில தூக்கிக்கிட்டே திருப்பு, மேல வந்துடும்.

முதல் கேள்விக்கு: இந்த மூணு வகையும் திரும்பக் கழட்டி மாட்டுறதுக்குன்னே செஞ்சது. நிலைமை நல்லா இருந்தா தாராளமா போடலாம். ஒரே துண்டா, தண்டுல அடுக்கடுக்கா செதில் மாதிரி இருக்குமே, கிறிஸ்துமஸ் ட்ரீ கிளிப்னு சொல்றது, அது வேற கதை. உள்ள போக சுலபமாவும் வெளிய வர கஷ்டமாவும் இருக்கணும்னுதான் அந்த செதிலே. இழுத்து எடுக்கும்போது செதில் பின்னாடி மடங்கும், திரும்பப் போட்டா பிடிக்கும் ஆனா முன்ன மாதிரி பிடிக்காது. பானெட் அடியில இருக்கிற இன்சுலேஷன் பஞ்சு மாதிரி பாரம் இல்லாத இடத்துல ஒருதடவை போடலாம், மத்த இடத்துல புதுசு போட்டுடு.

நட்டுபோல்ட்டு (பதிவு 3)

கியர் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். லைனர் கிளிப்பைக் காஞ்ச மண்ணோட கழட்டவே கூடாது. ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவுல மணல் ஏறி ஆப்பு அடிச்ச மாதிரி நிக்கும், நீங்க சரியான வகைல சரியா தூக்கினாலும் ஊசி வராது. வண்டியக் கழுவும்போது வீல் ஆர்ச்சுக்குள்ள, அதாவது டயருக்கு மேல இருக்கிற வளைவுக்குள்ள, நல்லா தண்ணி அடிச்சு, பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொரு தலையையும் சுத்தித் தேச்சு, கொஞ்சம் சோப்புத் தண்ணி விட்டு அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க. காத்து அடிக்க வசதி இருந்தா அதையும் அடிங்க. பாதி கிளிப் இதுக்கே இளகிடும்.

போடும்போதும் அதே மாதிரி கழுவிக் காய வச்சுட்டுப் போடுங்க. ஊசில துளி சிலிக்கான் ஸ்ப்ரே போட்டா அடுத்த தடவை சுலபம், ஆனா ஸ்ப்ரேயைக் கிளிப் மேல தனியா அடிச்சுட்டு அப்புறம் மாட்டுங்க, வண்டி மேல நேரா அடிக்காதீங்க. பின்னாடி அந்த இடத்துல பெயின்ட் பண்ண வேண்டி வந்தா சிலிக்கான் பட்ட இடத்துல பெயின்ட் ஒட்டாம குழி குழியா விலகிடும், பெயின்ட் பண்றவங்க தலைல கை வச்சுக்குவாங்க.

சன்னலோரம் (பதிவு 4)

நான் இதுல வேற கட்சி. கழட்டின கிளிப் எதையும் திரும்பப் போடுறது இல்ல. ஒருதடவை பழைய கிளிப்பையே போட்டு அடி ட்ரேயை மாட்டி, நல்ல வேகத்துல போகும்போது ட்ரே தரைல உரசிக்கிட்டு வந்துச்சு, பின்னாடி வந்தவங்க ஹாரன் அடிச்சுச் சொல்லித்தான் தெரிஞ்சுது. நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்தப் பயம் இன்னும் போகல. இவ்ளோ சின்ன சாமானுக்கு ஏன் இவ்ளோ கணக்கு, மொத்தமா புதுசு போட்டுட்டுப் போங்க.

பழையகியர் (பதிவு 5)

உங்க பயம் நியாயமானது, அடி ட்ரே விஷயத்துல நானும் சந்தேகம் வந்தா புதுசுதான் போடுவேன். ஆனா புதுசு எல்லாமே நல்லதுன்னு நம்பிடாதீங்க. கலந்து கட்டி டப்பால வர்ற கிளிப்ல கால் நீளம் அரை எம்எம் குறைஞ்சாலே போதும், மாட்டும்போது டிக்குனு கேக்கும், கையில பிடிச்ச மாதிரியும் இருக்கும், ஆனா தகட்டுக்கு அந்தப் பக்கம் கால் முழுசா விரிஞ்சிருக்காது. அளவு சரியா இருக்கிற, கால் நல்லா இருக்கிற பழைய ஒரிஜினல் கிளிப், அளவு பொருந்தாத புதுசை விட நல்லா பிடிக்கும். எது திரும்பப் போகலாம்னு நான் பாக்கிறது இதைத்தான்: காலை விரலால லேசா விரிச்சுப் பாப்பேன், மடங்குற இடத்துல வெள்ளைக் கோடு தெரிஞ்சா அது உள்ளுக்குள்ள கிழிய ஆரம்பிச்சிடுச்சு, குப்பைக்கு. ஊசிய உள்ள விட்டு இழுத்துப் பாப்பேன், தடையே இல்லாம வழுக்கினா குப்பைக்கு. தலை தட்டையா இல்லாம குடை மாதிரி கவுந்திருந்தா அதுவும் குப்பைக்கு. மாட்டினப்புறம் பேனலைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பாக்காம எந்திரிக்க மாட்டேன்.

கதவுக்காரன் (பதிவு 6)

கேள்வி லைனரைப் பத்திதான், ஆனா இழையைத் தேடி வர்ற பாதிப் பேர் டோர் பேட், அதாவது கதவோட உள்பக்க பேனல், கழட்டப் போறவங்களா இருப்பாங்க, அதனால அதையும் எழுதி வைக்கிறேன். ஸ்பீக்கர், பவர் விண்டோ மோட்டார்னு நிறைய கதவு திறந்து மூடி இருக்கேன்.

டோர் பேட்ல கிளிப்பைத் தொடுறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ எல்லாம் வந்தாச்சான்னு மூணு தடவை பாருங்க. கைப்பிடி குழிக்குள்ள ஒரு சின்ன மூடிக்கு அடியில ஒண்ணு, உள்பக்க டோர் ஹேண்டிலுக்குப் பின்னாடி ஒண்ணு, சில வண்டில கீழ ஓரத்துல ஒண்ணு. ஒரே ஒரு ஸ்க்ரூ மறைஞ்சிருந்து நீங்க இழுத்தீங்கன்னா ஒடையப் போறது கிளிப் இல்ல, பேட்.

அப்புறம் கீழ் மூலைல இருந்து ஆரம்பிங்க. நைலான் ட்ரிம் டூலை பேடுக்கும் தகட்டுக்கும் நடுவுல விட்டு, ஓரத்துலயே வச்சு நெம்பாம, கிளிப் இருக்கிற இடத்துக்கு நேரா அதை ஒட்டிக் கொண்டு போய் அங்க நெம்புங்க. இதுதான் மொத்த வித்தையும். கிளிப்புல இருந்து ஒரு சாண் தள்ளி நெம்பினா பேட் வளையும், கிளிப் சாய்வா இழுபடும், ஒண்ணு கிளிப் கழுத்து போகும், இல்ல பேட்ல கிளிப்பைப் பிடிச்சிருக்கிற அந்தக் கூடு பிஞ்சு வந்துடும். கூடு போச்சுன்னா புது கிளிப் வாங்கியும் பிரயோஜனம் இல்ல, அதை எபாக்ஸி வச்சு ஒட்டி ஒரு நாள் காய விடணும். கிளிப் வந்த திசையிலயே, தகட்டுக்கு நேர் குறுக்கா வெளிய வரணும். வி மாதிரி வெட்டு உள்ள கிளிப் பிளையர் கிடைச்சா ரெண்டு தாடையும் கிளிப்போட கழுத்தை அணைச்சுப் பிடிக்கும், அதுதான் ரொம்ப பாதுகாப்பு. இரும்பு திருப்புளிதான் கையில இருக்குன்னா பெயின்ட் மேல மாஸ்கிங் டேப் ரெண்டு சுத்து ஒட்டிட்டு நெம்புங்க, பெயின்ட் உரிஞ்ச இடத்துல துரு பிடிக்கும்.

சுத்தியும் வந்தப்புறம் பேட்டை வெளிய இழுக்காம மேல தூக்கணும், கண்ணாடி ஓரத்துல அது தொங்கிக்கிட்டு இருக்கும். சடார்னு இழுத்தா ஸ்விட்ச் வயர் அறுந்துடும்.

பேட்டை எடுத்தப்புறம் எண்ணிப் பாருங்க. சில கிளிப் பேட்ல வராம கதவுத் தகட்டுலயே நின்னுருக்கும். அதை அப்படியே விட்டுட்டு பேட்டை மேல வச்சு அடிச்சா கூடு நொறுங்கிடும். நோஸ் பிளையரால பிடிச்சு எடுத்து, முதல்ல பேட்டோட கூட்டுல நகர்த்தி மாட்டி, அப்புறம்தான் பேட்டைக் கதவுல வைக்கணும். எல்லாக் கிளிப்பும் அதது ஓட்டைக்கு நேரா நிக்குதான்னு கண்ணால பாத்துட்டு, கிளிப்புக்கு நேர் மேல உள்ளங்கையால தட்டணும்.

யாரும் கவனிக்காத ஒண்ணு, டோர் கிளிப் கழுத்துல சின்ன ஸ்பாஞ்ச் வளையமோ ரப்பர் வளையமோ இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்ல. கதவுக்குள்ள கண்ணாடி வழியா மழைத்தண்ணி இறங்கிக்கிட்டேதான் இருக்கும், அந்த வளையம்தான் தண்ணி ஓட்டை வழியா உள்பக்கம் கசியாம தடுக்குது. அது கிழிஞ்சிருந்தா கிளிப் எவ்ளோ நல்லா இருந்தாலும் மாத்திடுங்க. கார்ப்பெட் நனையுது, எங்க இருந்து வருதுன்னே தெரியலன்னு வர்ற வண்டில சிலதுக்கு இதுவும், கிழிச்சு விட்ட உள்பக்க பிளாஸ்டிக் ஷீட்டும்தான் காரணமா இருக்கும். ஒடைஞ்ச கிளிப்போட கால் கதவுக்குள்ள விழுந்தா அதையும் விட்டுடாதீங்க, கதவு அடியில தண்ணி வடியுற ஓட்டையப் போய் அடைச்சா தண்ணி தேங்கி உள்ளுக்குள்ள துருவாயிடும்.

மழைப்பயணி (பதிவு 7)

இவ்ளோ பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீங்கன்னு நினைக்கல, ரொம்ப நன்றி. கியர் அண்ணே, நீங்க சொன்ன மாதிரி எடுத்து வச்ச துண்டை எல்லாம் தரம் பிரிச்சேன். தலை போன நாலும் இழுக்கிற வகைதான், உள் மூடி இருக்குன்னே நான் பாக்கல, மண் மூடி இருந்துச்சு. முழுசா வந்த 6ல ஒண்ணுக்கு காலில வெள்ளைக் கோடு தெரியுது, அதைத் தள்ளி வச்சுட்டேன். காணாம போன ஊசி அடி ட்ரே மேலயே கிடந்துச்சு, அதோட கூடும் நல்லா இருக்கு. ஆக 6 தேறும், 8 புதுசு வேணும்.

இன்னொரு சந்தேகம். ஒரு வீடியோல கிளிப்பைக் கொதிக்கிற தண்ணில போட்டா புதுசு மாதிரி ஆயிடும்னு சொன்னாங்க. உண்மையா?

பாலிமர்வாத்தி (பதிவு 8)

பாதி உண்மை. கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சா எந்த கிளிப்புக்கு வேலை செய்யும் எதுக்கு செய்யாதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

கிளிப் பெரும்பாலும் மூணு பிளாஸ்டிக்ல ஒண்ணு: நைலான், அசிட்டால், பாலிப்ரொப்பிலீன். நைலானுக்கு மட்டும் ஒரு குணம், அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். நைலான் 66 சாதாரண அறைக் காத்துல, அதாவது ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கிற காத்துல, நாள்பட இருந்தா தன் எடைல சுமார் 2.5 சதவீதம் தண்ணிய உள்ள வச்சிருக்கும், தண்ணிலயே கிடந்தா 8 சதவீதத்துக்கு மேல போகும். அந்தத் தண்ணி உள்ள இருக்கிற நீள நீளமான மூலக்கூறுகளுக்கு நடுவுல புகுந்து அதுங்க ஒண்ணோட ஒண்ணு இறுக்கிப் பிடிக்கிறதைத் தளர்த்தும். அதனால ஈரம் ஏறின நைலான் வளையும், காஞ்ச நைலான் படக்குனு ஒடையும். ஜிப் டையும் நைலான்தான், பாக்கெட்டைத் திறந்து போட்டு ரொம்ப நாள் வச்சிருந்தா இழுக்கும்போதே அறுந்து போகுதே, அதே காரணம்.

அதனால காஞ்சு போன நைலான் கிளிப்பைச் சுடுதண்ணில போட்டா உண்மையிலேயே பலன் உண்டு, ஆனா ரெண்டு நிமிஷம் போதாது. வெளிய எடுத்தவுடனே வளையுறது சூட்டால, ஆறினா பழைய நிலைக்கே வந்துடும். ஈரம் உள்ள வரைக்கும் இறங்கணும்னா மெல்லிசான காலுக்கே சில மணி நேரம் ஆகும். ராத்திரி சுடுதண்ணில போட்டு மூடி வச்சுட்டு காலைல எடுங்க. அசிட்டால் தண்ணியக் குடிக்கிறதே ரொம்பக் குறைவு, பாலிப்ரொப்பிலீன் சுத்தமா குடிக்காதுன்னே வச்சுக்கலாம், அதுங்களுக்கு ஊற வைக்கிறது வீண்.

எது எதுன்னு கண்டுபிடிக்க, சுத்தமா கழுவி காத்துக்குமிழி ஒட்டாம ஒரு டம்ளர் தண்ணில போடுங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன், தண்ணிய விட லேசானது. மூழ்கினா நைலானோ அசிட்டாலோ.

முக்கியமானது, ஈரம் போனதால வர்ற விறைப்பு வேற, சூடும் வெயிலும் வருஷக்கணக்குல தின்னதால வர்ற நொறுங்கல் வேற. ரேடியேட்டர் மேல் கவர்ல, இன்ஜின் பக்கத்துல இருக்கிற கிளிப்ல மூலக்கூறே துண்டு துண்டா வெட்டுப்பட்டிருக்கும், முன் கண்ணாடிக்கு அடியில வைப்பர் பக்கம் இருக்கிற கவர் கிளிப்பும் வெயிலால அப்படித்தான். மேல பவுடர் மாதிரி வெளுத்து, மெல்லிசா வெடிப்பு ஓடியிருக்கும். அதைத் தண்ணில போட்டாலும் ஒண்ணும் மாறாது. வெள்ளைக் கோடு விழுந்ததும் அதே மாதிரி, அது கிழிசல், ஒட்டாது.

இதைக் கழட்டுறதுக்கும் பயன்படுத்திக்கோங்க. குளிர்ல பிளாஸ்டிக் விறைக்கும், அதனால வெயில்ல வண்டி கொஞ்சம் காஞ்சப்புறம் கழட்டுங்க, இல்லன்னா ஹேர் ட்ரையரைத் தள்ளிப் பிடிச்சு கை வைக்கிற அளவு சூடு பண்ணுங்க. ஹீட் கன் வேண்டாம், கிளிப் இளகுறதுக்குள்ள லைனர் நெளிஞ்சுடும்.

அரைக்கைச்சட்டை (பதிவு 9)

நல்ல நேரத்துல இந்த இழை கண்ணுல பட்டுச்சு. வர்ற வாரம் டேஷ்கேம் வயர் இழுக்கப் போறேன், முன் கண்ணாடி ஓரத்துல இருக்கிற ஏ பில்லர் ட்ரிம்மைக் கழட்டணும். கதவுக்காரன் சொன்ன மாதிரி கிளிப்புக்கு நேரா நெம்பினா போதும்தானே?

பழையகியர் (பதிவு 10)

நிறுத்துங்க சார், அது வேற உலகம். உங்க பில்லர் ட்ரிம் மேல ஏர்பேக்னு எழுதி இருந்தாலோ, வண்டில கர்ட்டன் ஏர்பேக் இருந்தாலோ இந்த இழைல நாங்க எழுதின எதையும் அங்க செய்யாதீங்க. கர்ட்டன் ஏர்பேக் கூரை ஓரமா சுருட்டி வச்சிருக்கும், பில்லர் பக்கம் இறங்கி வரும். அது வெடிச்சு விரியும்போது பில்லர் ட்ரிம் கொஞ்சம் திறந்து வழி விடணும், ஆனா பறந்து வந்து முகத்துல அடிக்கக் கூடாது. அதுக்குத்தான் அந்த இடத்து கிளிப்ல ஒரு வால் மாதிரி பட்டை இருக்கும், ட்ரிம் ஒரு அளவுக்கு வெளிய வந்து அதுல தொங்கிக்கிட்டு நிக்கும். நிறைய கம்பெனி மேனுவல்ல இந்த கிளிப்பைக் கழட்டினா புதுசுதான் போடணும்னே எழுதி இருக்காங்க. பாக்க நல்லா இருக்கு, வெள்ளைக் கோடு இல்லன்னு நாம கண்ணால முடிவு பண்ற இடம் அது இல்ல.

வயரையும் ஏர்பேக்குக்கு முன்னாடி குறுக்கா விடக் கூடாது, அது விரியுற பாதைல எதுவுமே நிக்கக் கூடாது. உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவலை வச்சு, பேட்டரி நெகட்டிவ் கழட்டி, அதுல சொன்ன நேரம் காத்திருந்து வேலை செய்யுற ஆள்கிட்ட கொடுங்க. புது கிளிப் போட்டீங்களா, வயர் எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டுப் பாத்து வாங்குங்க.

அரைக்கைச்சட்டை (பதிவு 11)

இப்பதான் போய்ப் பாத்தேன், எழுதி இருக்கு. நான் கை வைக்கல. நன்றி அண்ணே.

கல்தச்சன் (பதிவு 12)

இவ்ளோ எதுக்கு, லைனர்ல ரெண்டு இடத்துல தகட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டா ஆயுசுக்கும் அசையாது. என் வண்டில அப்படித்தான் இருக்கு.

நட்டுபோல்ட்டு (பதிவு 13)

தயவுசெஞ்சு வேண்டாம்ங்க. தகட்டுல ஸ்க்ரூ இறங்கினா அந்த ஓட்டைல பெயின்ட் போயிடும், வீல் ஆர்ச்சுல எப்பவும் சேறும் தண்ணியும் அடிக்கிற இடம், முதல்ல துரு பிடிக்கிறது அங்கதான். பின்னாடி எந்த வயர் போகுது, வாஷர் தண்ணி டப்பா எங்க இருக்குன்னு வெளிய இருந்து தெரியாது. டயர் பக்கம் கூர் முனை துருத்திக்கிட்டு நின்னா அதுவும் ஆபத்து. ஸ்க்ரூதான் வேணும்னா அந்த ஓட்டைல முதல்ல பிளாஸ்டிக் நட் சொருகிட்டு அதுல ஸ்க்ரூ போடுங்க, சில வண்டில லைனரே அப்படித்தான் மாட்டி வருது. தகட்டுல நேரா ஏத்தாதீங்க.

மழைப்பயணி (பதிவு 14)

8 புதுசு வாங்கணும், எந்த அளவுன்னு எப்படி கேக்கறது? கலந்து கட்டின டப்பாவைப் பாத்தாலே குழம்புது.

கதவுக்காரன் (பதிவு 15)

வெர்னியர் (எம்எம் துல்லியமா அளக்கிற கருவி) இருந்தா நாலு அளவு எடுத்துக்கோங்க. தகட்டு ஓட்டையோட விட்டம்தான் முதல்ல, உடைஞ்ச கிளிப்பை அளக்காம ஓட்டைய அளங்க, பழைய கிளிப்போட கால் தேஞ்சிருக்கும். அதிகமா வர்றது 6, 7, 8, 10 எம்எம். அடுத்து தலைல இருந்து கால் நுனி வரைக்கும் நீளம். அப்புறம் தலையோட அகலம், லைனர் ஓட்டைய நல்லா மூடணும். கடைசியா லைனர், பம்பர் ஓரம், தகடு மூணும் சேந்து எவ்ளோ கனம்னு, ஏன்னா கால் அந்தக் கனத்தைத் தாண்டிப் போய்தான் விரியணும். 7 இருக்கிற இடத்துல 8ஐ அடிச்சு இறக்காதீங்க, கால் விரியவே இடம் இருக்காது. 8 இருக்கிற இடத்துல 7ஐப் போட்டு டேப் சுத்தாதீங்க, ஒரு வெயிலுக்கு டேப் பசை இளகி வழுக்கி வந்துடும்.

அடுத்த பக்கம் கழட்டும்போது ஒரு அட்டைல லைனர் வடிவத்தை வரைஞ்சு, ஒவ்வொரு கிளிப்பையும் எடுத்த இடத்துக்கு நேரா அட்டைல குத்தி வையுங்க. ஒரே லைனர்ல ரெண்டு நீளம் வர்றது சகஜம்.

மழைப்பயணி (பதிவு 16)

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். இடது பக்கம் 6 பழசு, 8 புதுசு போட்டாச்சு. ஓட்டைல நின்ன மூணு காலையும் வெளிய இழுக்கப் பாத்து முடியல, விரிஞ்ச பகுதிய நோஸ் பிளையரால சுருக்கிப் பின்பக்கமா எடுத்தேன்.

அப்புறம் வலது பக்க பல்பையும் மாத்தினேன், அதுக்குதான் முக்கியமா எழுத வந்தேன். முந்தின நாளே தண்ணி அடிச்சு பிரஷ் போட்டு, காலைல வெயில் ஏறினப்புறம் உக்காந்து, ஒவ்வொரு தலையையும் துடைச்சு என்ன வகைன்னு பாத்து அட்டைல எழுதிக்கிட்டேன். இழுக்கிறது 8, அமுக்குறது 5, திருகுறது 1. திருகுறது மட்டும்தான் போச்சு, அதோட பள்ளம் ஏற்கனவே யாரோ வழிச்சு வச்சிருந்தாங்க, தலைய கட்டிங் பிளையரால வெட்டித்தான் எடுத்தேன். மீதி 13ம் முழுசா வந்துச்சு, வெள்ளைக் கோடு எதுலயும் இல்ல, கழுவி அப்படியே போட்டுட்டேன். கழட்டி மாட்ட எல்லாம் சேத்து 35 நிமிஷம்.

அதுக்கப்புறம் ஒரு நீண்ட பயணம், நடுவுல நல்ல மழை. இறங்கி ரெண்டு பக்கமும் கை விட்டு இழுத்துப் பாத்தேன், அசையல. இடது பக்கம் பின் மூலைல ஒண்ணு மட்டும் லேசா ஆடுது. கிளிப் நல்லா பிடிச்சிருக்கு, ஆனா லைனர்ல இருக்கிற ஓட்டை நான் முதல் நாள் நெம்பினதுல முட்டை வடிவமா ஆயிடுச்சு, தலை பாதி உள்ள போகுது. இதுக்கு என்ன பண்ணலாம்?

பழையகியர் (பதிவு 17)

பதிமூணு முழுசா வந்ததைப் படிக்க சந்தோஷமா இருக்கு தம்பி. அந்த மூலைக்கு அதே கால் அளவுல தலை பெரிசா இருக்கிற கிளிப் தேடு, 20 எம்எம் தலை வரைக்கும் வரும். கிடைக்கலன்னா பழைய பிளாஸ்டிக் டப்பா மூடில இருந்து ஒரு வட்டம் வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு வாஷர் மாதிரி தலைக்கு அடியில வை. வாஷர் கனம் சேரும், அதனால கால் அந்தப் பக்கம் முழுசா விரியுதான்னு இழுத்துப் பாத்துக்கோ.

மழைப்பயணி (பதிவு 18)

வாஷர் வெட்டிப் போட்டேன் அண்ணே, ஒரு எம்எம் கனம்தான், கால் நல்லா விரியுது. ஆட்டம் நின்னுடுச்சு. மிச்சம் இருக்கிற கிளிப்பை 7, 8னு எழுதித் தனித்தனி கவர்ல போட்டு டூல் பெட்டில வச்சுட்டேன்.